செவிலிய மாணவர்களுக்கு மாற்றுத்திறனாளிகளைக் கவனிக்கக் கற்றுத்தர இரண்டு நாள் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். செவிலியர் கல்லூரி ஒன்றில் அண்மையில் பணியில் சேர்ந்திருக்கிறீர்கள். மாற்றுத்திறனாளி நோயாளிகளைப் பராமரிப்பது குறித்து இரண்டு நாள் பயிலரங்கு நடத்தும் பொறுப்பு உங்களிடம் தரப்பட்டிருக்கிறது. மாணவர்களின் கண்ணைக் கட்டி வராந்தாவில் நடக்கவிடுவது, சக்கர நாற்காலியில் அரை நாள் உட்காரவைப்பது, காதில் பஞ்சு வைத்துப் பேசச் சொல்வது ஆகியவற்றை மூத்த ஆசிரியர் ஒருவர் பரிந்துரைத்திருக்கிறார். இவை போதுமா, வேறு என்ன கற்பிக்கலாம் என்பது உங்கள் கேள்வி. மாணவர்களிடம் பரிவை உண்டாக்குவது எப்படி என்று நீங்கள் கேட்பதுபோல் தோன்றினாலும், பயிலரங்கு முடிந்த மறுநாள் வார்டில் நிற்கும் மாணவி என்ன செய்யத் தெரிந்தவளாக இருக்க வேண்டும் என்பதே உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். மறுவாழ்வு மருத்துவத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி, மருத்துவ, செவிலிய, இயன்முறை மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்து வருபவன் நான். தண்டுவடக் காயம், பக்கவாதம், மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) ஆகியவற்றில் எனக்கு நேரடிப் பழக்கம் உண்டு. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், செவித்திறன் குறைபாடு ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வது, அவற்றோடு வாழ்பவர்களிடமும் அத்துறை ஆசிரியர்களிடமும் கேட்டு அறிந்தது.

முதலில் கண்ணைக் கட்டும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் இதில் ஆய்வு முடிவுகள் ஓரளவு தெளிவாக இருக்கின்றன. பார்வையற்ற உளவியலாளரான ஏரியல் சில்வர்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணைக் கட்டிக்கொண்டு சில வேலைகளைச் செய்து பார்த்தவர்கள், பார்வையற்றோரால் வேலை பார்க்கவும் தனியாக வாழவும் இயலும் என்பதில் மற்றவர்களைவிடக் குறைந்த நம்பிக்கை கொண்டவர்களாக மாறியிருந்தார்கள். 2017-இல் அமெரிக்காவில் மிஷல் நாரியோ ரெட்மண்டும் உடனாளர்களும் செய்த ஆய்வில், இத்தகைய பாவனைப் பயிற்சிக்குப் பிறகு மாணவர்களிடம் இரக்கம் கூடியிருந்தது. கூடவே குழப்பமும் வெட்கமும் கையறு நிலையும் கூடியிருந்தன. மாற்றுத்திறனாளிகளோடு பழகுவது பற்றிய அவர்களுடைய மனப்பான்மை மட்டும் மேம்படவில்லை. சற்று யோசித்தால் இதில் வியப்பு ஒன்றுமில்லை. கண்ணைக் கட்டிய மாணவிக்குக் கிடைப்பது பார்வை போன முதல் ஐந்து நிமிடத்தின் திகில்தான். பத்து வருடமாக வெள்ளைக்கோலுடன் பேருந்து ஏறி வேலைக்குப் போய்வருபவரின் திறமையில் ஒரு துளியும் அதில் கிடைப்பதில்லை. “ஐயோ, எப்படித்தான் வாழ்கிறார்களோ” என்ற எண்ணத்தோடு வகுப்பைவிட்டு வெளியே வரும் செவிலியர், அடுத்த நாள் அந்த எண்ணத்தோடுதான் நோயாளியைத் தொடுவார். எனவே அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. சக்கர நாற்காலியை வகுப்புக்குள் கொண்டுவருவதில் தவறில்லை, ஆனால் கைத்திறன் கற்கக் கொண்டுவாருங்கள்: பிரேக் போட்டுவிட்டுத்தான் ஆளை மாற்ற வேண்டும், செங்குத்தான சரிவில் இறக்கும்போது நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி இறக்க வேண்டும், கால்தாங்கியைக் கழற்றுவது எப்படி, படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தோலை இழுக்காமல் மாற்றுவது எப்படி என்பவையெல்லாம் செய்துபார்த்துக் கற்க வேண்டியவை. பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல் நம் முழங்கையை நீட்டி, அவர் அதைப் பற்றிக்கொண்டு அரை எட்டு பின்னால் நடந்துவரச் செய்வதும் அப்படிப்பட்டதுதான்.

இரக்கம் எங்கே ஆபத்தாகிறது என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரும் தாமே சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவருமான லிசா ஐயசோனி, அமெரிக்க மருத்துவர்கள் 714 பேரிடம் நடத்திய கணிப்பை 2021-இல் வெளியிட்டார். கடுமையான குறைபாடு உள்ளவர்களின் வாழ்க்கைத் தரம் மற்றவர்களுடையதைவிடத் தாழ்ந்தது என்று அவர்களில் 82.4 விழுக்காட்டினர் கருதினார்கள்; குறைபாடு உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கு இணையான சிகிச்சையைத் தன்னால் தர முடியும் என்று உறுதியாக நம்பியவர்கள் 40.7 விழுக்காட்டினர் மட்டுமே. இதற்கு நேர்மாறாக, கடுமையான குறைபாட்டோடு வாழ்பவர்களையே கேட்ட 1999-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் வாழ்க்கை நன்றாக இருப்பதாகவே சொன்னார்கள். இவை அமெரிக்க எண்கள். நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த இடைவெளி வார்டில் எப்படி வெளிப்படுகிறது என்பதை நம் மருத்துவமனைகளில் பணியாற்றிய எவரும் அறிவார். “இவருக்கு இதெல்லாம் எதற்கு” என்ற வாய்விட்டுச் சொல்லப்படாத ஒரு முடிவு, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைச் சொல்லாமல் விடுவதாக, குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசாமல் விடுவதாக, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றத் தயங்குவதாக வந்து நிற்கிறது.

இனி, என்னைக் கேட்டால் இரண்டு நாளில் பெரும்பகுதியைத் தர வேண்டிய இடத்துக்கு வருகிறேன்: நோயாளியிடம் காணும் எல்லாவற்றையும் அவருடைய குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம். மூளை முடக்குவாதம் உள்ள இளைஞர் வழக்கத்தைவிட அதிகமாக விறைத்துக்கொண்டால் “அது அவருடைய நோய்தானே” என்கிறோம். பல் சொத்தையோ மலச்சிக்கலோ சிறுநீர்த் தொற்றோ அந்த விறைப்பை ஏற்றியிருக்கலாம் என்று தேடுவதில்லை. பேச்சு வராத, அறிவுசார் குறைபாடுள்ள பெண் திடீரெனத் தலையில் அடித்துக்கொண்டால் அமைதிப்படுத்தும் மருந்து எழுதப்படுகிறது. காதுவலி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. டவுன் நோய்க்குறி (Down syndrome) உள்ளவர் மந்தமாகிவிட்டார் என்றால், அவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் தைராய்டு சுரப்புக் குறைவைச் சோதிக்க வேண்டும். மனநோய்க்கு மருந்து எடுப்பவர் வயிற்றுவலி என்று வந்தால் அவருக்கும் குடல்வால் அழற்சி வரலாம். இவற்றை மாணவர்கள் மனதில் பதியவைக்க எளிய வழி ஒன்று உண்டு. எந்த நோயாளியைப் பற்றியும் கேஸ் சொல்லும்போது, “இதே அறிகுறி குறைபாடில்லாத ஒருவருக்கு வந்திருந்தால் முதலில் எதைத் தேடியிருப்பேன்” என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லவையுங்கள்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தவறு நேர்கிறது. குறைபாட்டை அறியாததால் உயிருக்கே ஆபத்து வரும் இடங்கள் அவை. நான் எந்த வகுப்பிலும் விடாமல் சொல்லித்தருவது ஒன்று. ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்ட ஒருவருக்குத் திடீரெனத் தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது, முகம் சிவந்து நெற்றியில் வியர்வை கொட்டுகிறது, நாடித்துடிப்பு குறைகிறது. ரத்த அழுத்தம் பார்த்தால் மேல் எண் 140. “கொஞ்சம் கூடுதல், பரவாயில்லை” என்று குறித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் இவருக்கு இயல்பான அழுத்தமே 90-க்கும் 110-க்கும் இடையில்தான் இருக்கும். வழக்கமான அளவைவிட 20 முதல் 40 வரை ஏறினாலே அது அவசர நிலை. காயத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உடலை உறுத்துகிறது, அந்தச் செய்தி மூளைக்கு ஒழுங்காகப் போய்ச்சேராததால் ரத்தக் குழாய்கள் கட்டுப்பாடின்றிச் சுருங்குகின்றன என்று பொருள். உறுத்துவது பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பை, அதாவது மடங்கிப்போன அல்லது அடைத்துக்கொண்ட கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்), அடுத்து மலக்குடல், சில வேளை படுக்கைப்புண், இறுக்கமான உடை, கால்விரலில் உள்வளர்ந்த நகம்கூட. செய்ய வேண்டியவை வரிசையாக: உடனே நிமிர்த்தி உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடுதல், இறுக்கமானவற்றைத் தளர்த்துதல், கதீட்டரைச் சரிபார்த்தல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை அழுத்தம் பார்த்தல், மருத்துவரை அழைத்தல். படுக்கவைப்பதுதான் நம் கை தானாகச் செய்வது. இங்கே அது நிலைமையை மோசமாக்கும். கவனிக்காமல் விட்டால் வலிப்பும் மூளையில் ரத்தக் கசிவும் வரலாம். இதில் மாணவர்களுக்கு நான் சுட்டிக்காட்டும் இன்னொன்றும் உண்டு. இந்த நோயாளிகளில் பலர் தங்களுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பணியிலிருக்கும் செவிலியரைவிட நன்றாக அறிவார்கள், “டியூபைப் பாருங்கள்” என்று சொல்லவும் செய்வார்கள். அதைக் கேட்டு உடனே செயல்படுவது நல்ல பண்பாக இருப்பதோடு, அந்த நேரத்தில் அதுவே சரியான சிகிச்சையும் ஆகிவிடுகிறது.

கேட்காமல் போனதால் என்ன நேரும் என்பதற்குப் பிரிட்டனில் ஓர் இறப்பு சட்டத்தையே மாற்றியது. ஆட்டிசமும் இலேசான அறிவுசார் குறைபாடும் இருந்த ஆலிவர் மெக்கவன் என்ற 18 வயது இளைஞர் 2016-இல் பிரிஸ்டலில் இறந்தார். மனநோய்க்கான மருந்து வகை தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரும் பெற்றோரும் முன்கூட்டியே சொல்லியிருந்தும் அது தரப்பட்டது. அதன் கடும் பக்கவிளைவால் உயிர் போனது. அவருடைய பெற்றோரின் தொடர்ந்த முயற்சிக்குப் பிறகு, இங்கிலாந்தில் பதிவு பெற்ற சுகாதார, பராமரிப்பு நிறுவனங்களின் பணியாளர்கள் அனைவருக்கும் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் குறித்த பயிற்சி 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. அவர் பெயரிலேயே அமைந்த அந்தப் பயிற்சியை, அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ளவர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள்.

பேச்சும் பழக்கமும் பற்றி இரண்டு மூன்று செய்திகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம் மருத்துவமனைகளில் இது தனி விதமாகக் கெட்டுப்போயிருக்கிறது. முப்பத்தைந்து வயது ஆண் சக்கர நாற்காலியில் வந்தால், தள்ளிக்கொண்டு வந்த அம்மாவைப் பார்த்து “இவனுக்கு என்னம்மா செய்யுது” என்று கேட்கிறோம். பேச்சு குழறினால் அறிவும் குழறும் என்று நினைத்து ‘நீங்கள்’ என்பது ‘நீ’ ஆகிறது, பிறகு ‘கண்ணு’, ‘பாப்பா’ ஆகிறது. மற்ற நோயாளியை எப்படி விளிப்பீர்களோ அப்படியே இவரையும் விளியுங்கள், கேள்வியை அவரிடமே கேளுங்கள், பதில் வர இரண்டு நிமிடம் ஆனாலும் காத்திருங்கள், புரியாவிட்டால் புரிந்ததுபோல் தலையாட்டாமல் மீண்டும் சொல்லச் சொல்லுங்கள். இதை மாணவர்கள் உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். அறிவுரையாகக் கேட்டால் மறந்துபோகும். காது கேளாதவர் விஷயத்தில், “எழுதிக் காட்டினால் போதும்” என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. சைகை மொழியையே முதல் மொழியாகக் கொண்டு வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் சரளமாக வராது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர் முன் முகக்கவசம் அணிந்து பேசினால் அதுவும் போய்விடும். உடன் வந்த உறவினரை மொழிபெயர்க்க வைப்பது அவசரத்துக்குச் சரி. வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் அடித்தவரையே வைத்து விசாரிப்பது சரியாகாது. இதோடு, சக்கர நாற்காலி நோயாளியை எடை பார்க்காமல் குத்துமதிப்பாக எழுதும் வழக்கத்தையும் கண்டியுங்கள். எடைக்கேற்ப அளவு மாறும் மருந்துகளில் அது நேரடித் தவறு.

சட்டத்துக்கு அரை மணி நேரம் போதும், ஆனால் அந்த அரை மணி நேரம் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பிரிவு 25 அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டிலும் தடையற்ற அணுகலையும் சிகிச்சையில் முன்னுரிமையையும் பேசுகிறது. செவிலியர் கட்டாயம் அறிய வேண்டியவை பிரிவு 10-உம் 92-உம்: ஒருவரின் சுதந்திரமான, விவரமறிந்த சம்மதம் இல்லாமல் கருவளத்தைப் போக்கும் எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது, மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான சம்மதமின்றிக் கருக்கலைப்புச் செய்வது, கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கென்று சட்டம் நிபந்தனைகளோடு தரும் விலக்கு நீங்கலாக, ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணின் கருப்பையை எடுத்துவிட வேண்டும் என்று குடும்பமே வந்து கேட்கும்போது, சம்மதப் படிவத்தோடு முதலில் நிற்பவர் செவிலியர்தான். உங்கள் நிர்வாகத்தைச் சம்மதிக்கவைக்கப் பிரிவு 47 உதவும்: மருத்துவர், செவிலியர், துணை மருத்துவப் பணியாளர் ஆகியோரின் படிப்புகளில் மாற்றுத்திறன் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. சொன்னபடி நடப்பது வேறு கதை. எம்.பி.பி.எஸ். படிப்பின் தொடக்கப் பகுதியில் 2019-இல் இதற்கு ஏழு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. அதன் பின்னால் டாக்டர் சதேந்திர சிங் போன்ற, தாமே குறைபாட்டுடன் வாழும் மருத்துவர்களின் போராட்டம் இருந்தது. 2024 ஆகஸ்ட் இறுதியில் வந்த புதிய வழிகாட்டுதல்களில் அந்த ஏழு மணி நேரம் விடுபட்டுப்போனது. பல தரப்பு எதிர்ப்புக்குப் பிறகு செப்டம்பரில் அந்த ஆவணமே திரும்பப் பெறப்பட்டு, திருத்தி வெளியிடப்பட்டது. பாடத்திட்டத்தில் வரி இருக்கிறதா என்று பார்த்துக் காத்திருந்தால் இது நடக்காது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

யார் கற்பிப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பயிலரங்கில் பாதி நேரமாவது மாற்றுத்திறனாளிகள் கையில் இருக்க வேண்டும், தங்கள் துயரக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கிச் செல்லும் விருந்தினராக அல்லாமல், பாடம் எடுக்கும் ஆசிரியராக. மதிப்பூதியம், வந்துபோகும் செலவு, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை ஆகியவற்றை முன்பே உறுதிசெய்யுங்கள். கழிப்பறை இல்லையென்றால் அதைக் கண்டுபிடித்ததே உங்கள் முதல் பாடம். உங்கள் மருத்துவமனை வாசலிலிருந்து ஓபி சீட்டு, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே அறை, மருந்தகம் வரை அவரோடு மாணவர்கள் நடந்து, எங்கெல்லாம் அவர் நிறுத்தப்படுகிறார் என்று குறித்துவரட்டும். தடை எங்கே இருக்கிறது என்பதை இந்த நடை காட்டிவிடும். கண்கட்டுப் பயிற்சியால் அதைக் காட்ட முடியாது. ஆசிரியர்களைத் தேட மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். சென்னைக்கு அருகில் இருந்தால் முட்டுக்காட்டிலுள்ள பன்முகக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தென் மாவட்டமானால் ஆய்க்குடி அமர் சேவா சங்கம். அந்தச் சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையில்தான் அதை உருவாக்கினார். மாணவர்களிடம் வேலூர் மேரி வர்கீஸைப் பற்றியும் சொல்லுங்கள். 1954-இல் விபத்தில் இரு கால்களும் செயலிழந்த பிறகு, உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை சிகிச்சை செய்தவர், பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கக் காரணமாக இருந்தவர். ஆனால் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்லாதீர்கள். உட்கார்ந்து செய்யக்கூடிய அறுவை சிகிச்சை எது என்று யோசித்துப் பணியை மாற்றியமைத்த ஒரு நிறுவனம் இருந்தது என்பதுதான் அதில் நாம் கற்க வேண்டியது. மருத்துவப் படிப்பில் சேர “இரு கைகளும் குறையின்றி இருக்க வேண்டும்” என்ற விதியை 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்ததையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். உங்கள் வகுப்பிலேயே குறைபாடுள்ள மாணவர் இருக்கக்கூடும். அவர் விரும்பாமல் அவரை உதாரணமாக நிறுத்தாதீர்கள்.

இவ்வளவையும் இரண்டு நாளில் அடக்க முடியுமா என்றால், முடியாது. எனக்கு வாய்ப்பிருந்தால் ஒரு நாளை மட்டும் இப்போது எடுத்துக்கொண்டு, மற்ற நாளை நான்கு துண்டுகளாக உடைத்து மருத்துவ, அறுவை, மகப்பேறு, குழந்தைகள் வார்டுப் பயிற்சிகளுக்குள் நுழைத்துவிடுவேன். மகப்பேறு வார்டில் சக்கர நாற்காலிப் பெண்ணின் பிரசவம் பற்றிக் கேட்டால்தான் அது மகப்பேற்றின் பகுதியாகத் தெரியும். எது நிச்சயம், எது ஐயம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகளோடு நேரில் கற்கும் பயிற்சிக்குப் பின் மாணவர்களின் மனப்பான்மையும் தன்னம்பிக்கையும் கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன; ஆனால் அவை பெரும்பாலும் பயிற்சி முடிந்த கையோடு மாணவர்களே நிரப்பிய படிவங்கள். ஓராண்டு கழித்து நோயாளிக்குப் படுக்கைப்புண் குறைந்ததா, நோய் சீக்கிரம் கண்டறியப்பட்டதா என்பது வரை போன சான்றுகள் மிகக் குறைவு. ஆகவே “இந்தப் பயிலரங்கால் சிகிச்சையின் தரம் உயரும்” என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

தேர்வில் வராததை மாணவர்கள் படிக்கமாட்டார்கள் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. செய்முறைத் தேர்வில் மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு பணியைச் செய்துகாட்டும் நிலையங்களில் ஒன்றே ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள். பேச்சு குழறும் ஒருவர் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் அவருடைய அக்காவாக ஒருவர் இருப்பார், மாணவி ஆறு நிமிடத்தில் வலியின் வரலாற்றைக் கேட்டு எழுத வேண்டும். யாரைப் பார்த்துக் கேட்டார், எப்படி விளித்தார், குறுக்கே பதில் சொல்லும் அக்காவை எப்படிக் கையாண்டார், வலிக்கு வேறு காரணம் தேடினாரா என்று நான்கு வரிகளில் மதிப்பெண் பிரியுங்கள். அந்த மதிப்பெண்ணில் பாதியை, நோயாளியாக உட்கார்ந்திருந்தவரே போடட்டும்.